பாராமகால், தண்ணியில்லாத காடு, சேலத்து மாம்பழம்: நம்ம பக்கத்துப் பெயர்களுக்கு யார் சொல்வது சரி?

தகடூரான்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கும் வணக்கம். நம் பக்கத்துப் பட்டப்பெயர்கள், சொலவடைகள் எங்கே பிறந்தவை என்ற சண்டை டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் ஓயாமல் நடக்கிறது. யாரும் எழுதி வைப்பதில்லை. அதற்குத்தான் இந்த இழை.

முதலில் பாராமகால், நம் சீமையின் பழைய பெயர். எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தது இதுதான்: பாரா என்றால் பன்னிரண்டு, மகால் என்றால் அரண்மனை, பன்னிரண்டு அரண்மனை இருந்த சீமை. சரி, அந்த அரண்மனைகள் எங்கே? மலைமேல் மதில் இருக்கிறது, சுனை இருக்கிறது. ராஜா குடியிருந்த மாளிகை என்று கை காட்ட எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

இரண்டாவது, 'தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்' என்கிற மிரட்டல். அது எந்தக் காடு? ராமநாதபுரத்துக்காரர்கள் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தருமபுரியைத்தான் சொன்னார்கள் என்று அடித்துச் சொல்வார்கள்.

மூன்றாவது, சேலத்து மாம்பழம். இதைப் பற்றி கிருஷ்ணகிரிக்காரர்கள் பேசட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். 'எங்கள் தாத்தா சொன்னார்' என்று நிறுத்திக்கொள்ளாமல், தாத்தா ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஜெகதேவி மலையடி

அண்ணா, அரண்மனை என்று தேடினால் கிடைக்காது. கோட்டை என்று தேடுங்கள், கிடைக்கும்.

எங்கள் ஊர் பெயரே அதற்குச் சாட்சி. விஜயநகரத்துக்காரர்கள் பெனுகொண்டாவில் இருந்த காலத்தில், அந்தக் கோட்டையைக் காத்துக் கொடுத்ததற்காக ஜெகதேவராயருக்கு இந்தச் சீமை கிடைத்தது. அவர் பெயரில்தான் பர்கூருக்குப் பக்கத்தில் ஜெகதேவி இருக்கிறது. பன்னிரண்டு மலைக்கோட்டைகள் அவர் வசம் இருந்தன, அதனால் பாராமகால் என்பதுதான் இங்கே வழிவழியாகச் சொல்வது. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகராஜகடை, தட்டக்கல், இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிற திருப்பத்தூர், வாணியம்பாடி எல்லாம் பட்டியலில் வரும். மகராஜகடையில் இருக்கிற 'கடை', கடைவீதிக் கடை இல்லை. வடக்கே கோட்டையைச் சொல்கிற 'கட்' நம் வாயில் கடையாகிவிட்டது.

இந்தக் கோட்டைகளின் மதிலைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? வழியில் இருக்கிற பெரிய உருண்டைப் பாறைகளை உடைக்கவே இல்லை. பாறையையே சுவராக வைத்துக்கொண்டு, இரண்டு பாறைக்கு நடுவே இருக்கிற இடுக்கில் மட்டும் கல் அடுக்கி மேலே தூக்கியிருக்கிறார்கள். கீழே ரோட்டிலிருந்து பார்த்தால் மலை எது, மதில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பன்னிரண்டு என்று எண்ணிச் சொன்னவன் மலை ஏறிப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

பழைய பதிவறை

ஜெகதேவி தம்பி சொல்வது இந்தப் பக்கத்தில் பரவலாகச் சொல்லும் கதைதான். ஆனால் வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கதை போதவில்லை.

மகால் என்ற சொல்லுக்கு அரண்மனை ஒரு பொருள். வரி வசூல் கணக்கில் அதற்கு வேறு பொருள். முகலாயர் காலக் கணக்குகளில் ஒரு சர்க்காருக்குக் கீழே, அதாவது மாவட்டம் மாதிரியான பெரிய பிரிவுக்குக் கீழே, பல மகால்கள் வரும். அங்கே மகால் என்பது நில வரி வசூலுக்கான ஒரு பிரிவு. பீஜப்பூர்க்காரர்கள், மராட்டியர், ஹைதர், திப்பு என்று பாரசீகமும் இந்துஸ்தானியும் கலந்த கணக்கு எழுதியவர்கள்தான் இந்தச் சீமையை அடுத்தடுத்து ஆண்டார்கள். பன்னிரண்டு வசூல் பிரிவு சேர்ந்த சீமையைப் பாராமகால் என்று எழுதுவது அவர்களுக்குச் சாதாரணம்.

இன்னொரு ஆதாரம் சொல்கிறேன். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீட் பொறுப்புக்கு வந்தார். அவருக்கு உதவியாக இருந்தவர்களில் ஒருவர்தான் பின்னால் சென்னை மாகாண கவர்னரான தாமஸ் மன்றோ. விவசாயியிடமே நேராக நிலவரி வாங்குகிற ரயத்துவாரி முறைக்கு அடி போட்டது இங்கேதான். ஓசூர்ப் பக்கம் மட்டும் 1799-ல், திப்பு இறந்த பிறகு வந்து சேர்ந்தது. அதன்பின் சேலம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள்: கணவாய்க்குக் கீழே தலகாட், மேலே ஓசூர்ப் பக்கம் பாலகாட், நடுவே பாராமகால். இதில் தலகாட்டும் பாலகாட்டும் மலை ஏற விரும்புகிறவன் வைக்கிற பெயர் இல்லை, அரசு ஆபீஸில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன் வைக்கிற பெயர். நடுவில் இருப்பதை மட்டும் ராஜா கதையாக எப்படி எடுத்துக்கொள்வது?

ஜெகதேவி மலையடி

ஐயா, ஒரு சந்தேகம். வசூல் பிரிவு என்றால் அதன் தலைமையிடம் சமவெளியில், சந்தை கூடுகிற ஊரில் இருக்க வேண்டும். பட்டியலில் வருகிறவற்றில் பல, ஏறவே மூச்சு வாங்குகிற மலைகளாக இருக்கின்றனவே?

பழைய பதிவறை

நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் வசூலான பணமும் தானியமும் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் கோட்டைக்குள்தான் இருக்க வேண்டும். கீழே பேட்டை, மேலே கோட்டை. கிருஷ்ணகிரியிலேயே பாருங்கள், மலையடியில் பழைய பேட்டை இருக்கிறது. கோட்டை யார் கையிலோ, சுற்றுப்பட்டு ஊர்களின் வரியும் அவர் கைக்குத்தான். அதனால் நீங்கள் கோட்டை என்பதும் நான் பிரிவு என்பதும் தரையில் ஒரே இடமாக இருந்திருக்கலாம். நான் மறுப்பது அரண்மனையை மட்டும்தான்.

பட்டியலுக்குப் பட்டியல் பெயர்கள் மாறுவதற்கும் இதுவே காரணம் என்பது என் எண்ணம். மலை நகராது, ஆனால் வசூல் எல்லையை ஆள்கிறவன் மாற்றிக்கொண்டே இருப்பான்.

பரமக்குடியான்

வேறு ஊர்க்காரன் உள்ளே வருவதற்கு மன்னிக்கவும். தண்ணியில்லாத காடு என்றதும் வராமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பெயரை நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டால் நாங்கள் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவோம். ஆனால் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் ராமநாதபுரம் என்றுதான் சொல்வார்கள். சினிமாவில் போலீஸ் அதிகாரியை மாற்றினாலும் ராமநாதபுரம்தான். எங்கள் ஊர் கண்மாய்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ராமநாதபுரம் பெரிய கண்மாய் வைகைத் தண்ணீர் வந்து நிற்பதற்காகவே வெட்டியது. தண்ணீரைப் பிடித்து வைக்க இவ்வளவு பாடுபட்ட சீமையைத் தண்ணியில்லாத காடு என்பது எங்களுக்கு வலிக்கிறது. மழை பொய்த்த வருஷங்களில் வந்து பார்த்த உத்தியோகஸ்தர் யாரோ சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அரூர் வேடி

பரமக்குடி அண்ணனுக்கு வணக்கம். உங்கள் வலி எங்களுக்கும் தெரியும், ஏனென்றால் அதே வசவை நாங்களும் கேட்டு வளர்ந்தவர்கள்.

என் வாதம் 'காடு' என்கிற சொல்லில் இருக்கிறது. எங்கள் பக்கம் காடு என்றால் வனம் இல்லை. பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் 'அம்மா காட்டுக்குப் போயிருக்குது' என்றால் நிலத்து வேலைக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். கிருஷ்ணகிரி தாண்டினால் இதையே பெரும்பாலும் கொல்லை என்பார்கள். கிணறு இருந்தால் தண்ணிக்காடு, இல்லையென்றால் மானாவாரி. ராகி, சாமை, கொள்ளு, நிலக்கடலை என்று வானத்தைப் பார்த்து விதைக்கிற நிலம்.

பெண் கொடுக்கும்போதுதான் இந்தப் பேச்சு முதலில் வரும். 'தண்ணி இல்லாத காடு, அங்க எப்படிப் பொண்ணைக் கொடுக்கறது' என்பார்கள். அதாவது பாசனம் இல்லாத நிலம் வைத்திருக்கிற வீடு. குடத்தைத் தூக்கிக்கொண்டு மகள் நடக்க வேண்டுமே என்கிற கவலை அது. அரசாங்க மாற்றல் உத்தரவில் வருவதற்கு முன்னால், சம்பந்தம் பேசுகிற திண்ணையில் புழங்கிய பேச்சு என்றுதான் நான் நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் அது எந்த ஒரு மாவட்டத்துக்கும் சொந்தம் இல்லை. கரிசக்காட்டிலும் செம்மண் காட்டிலும் ஒரே நேரத்தில் இருந்திருக்கும்.

பழைய பதிவறை

மாற்றல் பக்கத்தை நான் சொல்கிறேன். 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் நாம் சேலம் மாவட்டம். சேலத்தில் இருக்கும் அலுவலருக்குத் தண்டனை கொடுக்க வேண்டும் என்றால் ராமநாதபுரம் வரை போக வேண்டியதில்லை, மாவட்டத்துக்கு உள்ளேயே அரூரும் பென்னாகரமும் இருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த மூத்த குமாஸ்தாக்கள் 'தொப்பூர் தாண்டிட்டான்' என்பார்கள். கணவாயைத் தாண்டி வடக்கே மாற்றப்பட்டுவிட்டான், இனி திரும்புவது கஷ்டம் என்று அர்த்தம்.

ஆகவே மாநில அளவில் ராமநாதபுரம், சேலத்து அலுவலகங்களில் தருமபுரி. இரண்டு பேர் சொல்வதும் அவரவர் ஆபீஸ் அளவில் உண்மை.

பாலக்கோடு டீச்சர்

ஐயா, அண்ணா எல்லோரும் காட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் தண்ணியைப் பற்றிப் பேச வேண்டும்.

எங்களுக்குத் தண்ணீர் இல்லாமல் இல்லை, குடிக்கிற தண்ணீர்தான் இல்லாமல் இருந்தது. ஏரி வற்றியது, கிணறு வற்றியது, போர்வெல் போட்டார்கள். ஆழம் போகப் போக பாறையிலிருந்து வந்த நீரில் ஃப்ளூரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை வரும். நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகும் வயதிலேயே சேதம் நடந்துவிடுவதால், எத்தனை முறை தேய்த்தாலும் போகாது.

நான் வெளியூரில் படிக்கப் போனபோது விடுதியில் எனக்கு வைத்த பெயர் 'மஞ்சப்பல்லு தருமபுரி'. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிற பழக்கம் எங்கள் வயதுப் பெண்கள் பலருக்கு உண்டு. வெட்கம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். காரணம் அது இல்லை. இந்தப் பட்டப்பெயரின் பிறப்பிடம் பற்றி எந்தச் சண்டையும் தேவையில்லை, போர்க்குழாயில் பிறந்தது. ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் தொடங்கி வைத்தார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தடுப்பு என்று இருக்கிறது. காவிரித் தண்ணீர் ஒழுங்காக வருகிற ஊர்களில் வளர்கிற குழந்தைகளை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. வாராவாரம் தண்ணீர் வருகிறதா என்று நான் விடாமல் கேட்பதற்கு அதுதான் காரணம்.

அரூர் வேடி

அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. எங்கள் வீட்டிலும் அந்தக் கறை உண்டு.

இதோடு சேர்த்து 'களி திங்க வைக்கிறேன்' என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது ஜெயில். சிறையில் ஒரு காலத்தில் கேழ்வரகுக் களி போட்டதால் வந்த பேச்சு, அதில் விவாதம் இல்லை. எங்களுக்கு அது மதியச் சாப்பாடு. கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் அரிசி நொய் வெந்ததும் ராகி மாவைக் கொட்டி, களிக்கோலால் கட்டி தட்டாமல் கிண்டி, கையில் தண்ணீர் தொட்டு உருட்டி, கீரைக் கடைசலோடு வைப்பார்கள். அதைத் தண்டனை என்று நினைக்கிற பேச்சு எங்கள் வாயில் வராது.

சந்தூர் ஒட்டுக்கட்டு

மாம்பழத்துக்கு வருவோம். நான் சந்தூர். எங்கள் ஊரில் மாங்கன்று வியாபாரம் பலருக்குப் பிழைப்பு. கொட்டை போட்டு வளர்த்த கன்றின் தலையைச் சீவி, தாய் மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி செதுக்கிச் சொருகி, பாலிதீன் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். இரண்டு தோலும் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் ஒட்டவில்லை என்றால் குச்சி காய்ந்துவிடும். இப்படிக் கட்டின கன்று எங்கெங்கோ போகிறது. மரம் இங்கே, பழம் இங்கே, வருஷா வருஷம் மாங்கனிக் கண்காட்சி கிருஷ்ணகிரியில். ஆனால் சென்னையில் தள்ளுவண்டிக்காரரைக் கேட்டால் 'சேலத்து மாம்பழம் சார்' என்கிறார்.

காரணம் எளிது. 1965 வரை கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டம்தான். அப்புறம் தருமபுரி மாவட்டம். 2004-ல்தான் தனி மாவட்டம். எல்லை மாறியது, கூடைமேல் எழுதின பெயர் மாறவில்லை.

செவ்வாய்ப்பேட்டை

சந்தூர் தம்பிக்கு, சேலத்துக்காரன் பதில் சொல்ல வேண்டும்.

எல்லை மட்டும் காரணம் இல்லை. மல்கோவாவும், சேலம் குண்டு என்று ஊர்ப் பெயரோடே அழைக்கிற பழமும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தலைமுறையாக இருக்கின்றன. மண்டியும் ரயிலடியும் எங்கள் ஊரில். பழத்துக்குப் பெயர் விளைந்த ஊரால் வருவதைவிட விலை பேசின ஊரால் வருவதுதான் வழக்கம். உங்கள் ஊர்ப் பழம் என்பதை யாரும் மறைக்கவில்லை, விற்றவன் முகவரி அது.

சந்தூர் ஒட்டுக்கட்டு

விலை பேசின ஊர் என்பது சரியான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு என் தோட்டத்திலேயே உதாரணம் உண்டு. மூக்கு நீண்ட காய் ஒன்று, பழக்கூழ் ஆலைக்கு அதிகம் போவது. பழைய ஆட்கள் கிளிமூக்கு என்பார்கள். வடக்கே தோத்தாபுரி, அதிலும் தோத்தா என்றால் கிளிதான். ஆனால் இங்கே எடை போடுகிற இடத்தில், ஆலையில், ரசீதில் எல்லாம் அது 'பெங்களூரா'. பெங்களூர்ப் பெயரோடு கிருஷ்ணகிரியில் காய்த்து, இங்கேயே கூழாகி, வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறுகிறது.

மல்கோவா சேலத்துடையதாகவே இருக்கட்டும். ஆனால் கிருஷ்ணகிரித் தோட்டத்தில் பறித்ததற்குக் கிருஷ்ணகிரி என்று அட்டை ஒட்டினால்தான், விலை சரியும்போது எங்கள் விவசாயி கஷ்டப்படுகிறான் என்பது வெளியே தெரியும்.

ஓசூர்க்காரி

எங்கள் ஊருக்கு ஒட்டியிருக்கும் 'குட்டி இங்கிலாந்து' பற்றியும் யாராவது தீர்ப்புச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் இங்கே இருக்க விரும்பியதற்குக் குளிர் காரணம். 1824-லேயே ராணுவக் குதிரைகளுக்காக மத்திகிரிப் பண்ணையை ஆரம்பித்தார்கள், இப்போதும் கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. அந்தப் புல்வெளியைப் பார்த்து வைத்த பெயர்தான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

கன்னடத்தில் ஹொசூரு என்றால் புது ஊர். கோயில் கல்வெட்டுகளில் செவிடபாடி என்ற பழைய பெயர் இருக்கும்போது, நாங்கள் புது ஊர் ஆனதும் பிறகு குட்டி இங்கிலாந்து ஆனதும் வெளியிலிருந்து வந்தவர்கள் செய்த வேலை.

தளி ரோஜாத் தோட்டம்

அக்கா, குட்டி இங்கிலாந்து தளிதான். ஓசூரைவிட உயரம், ஓசூரைவிடக் குளிர். ஓசூரில் தொழிற்பேட்டை வந்து வெயில் ஏறிய பிறகும் பெயரை விட மனம் இல்லாமல் வைத்திருக்கிறீர்கள். டிசம்பரில் விடியற்காலை ஒரு நாள் எங்கள் ஊருக்கு வாருங்கள்.

பென்னாகரம் பரிசல்

ஒகேனக்கல்லை யாரும் தொடவில்லையே. ஹொகே என்றால் கன்னடத்தில் புகை, கல் என்றால் பாறை, ஆகவே கன்னடப் பெயர் என்பது ஒரு கட்சி. நீர் சிந்துகிற பாறை என்று பொருள்படும் உகுநீர்க்கல் என்ற தமிழ்ப் பெயர்தான் திரிந்தது என்பது இன்னொரு கட்சி.

நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். பழைய கன்னடத்தில் பகரமாக இருந்தது பின்னால் ஹகரம் ஆனது. பால் ஹாலு ஆனது, புலி ஹுலி ஆனது, பள்ளி ஹள்ளி ஆனது. அதே கணக்கில் பொகே ஹொகே ஆனது. நம் புகையும் அவர்கள் ஹொகேயும் ஒரே வேர். தருமபுரியில் நல்லம்பள்ளியும் மாரண்டஹள்ளியும் ஒரே மாவட்டத்தில் இருக்கிற மாதிரிதான் இதுவும். அருவிக்குக் கீழே பரிசல் போகும்போது தண்ணீர்த்தூள் மேலே எழும்பி எதிர்ப்பாறையை மறைக்கும். இரண்டு கரையில் நின்றவர்களும் பார்த்தது அதைத்தான். உகுநீர் என்பது அழகான சொல், ஆனால் பரிசல் ஓட்டுகிறவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தகடூரான்

எல்லோர் பதிவையும் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஒரு பெயர் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று தேடுவதற்கு முன், அந்தப் பெயர் முதலில் யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்க வேண்டும். பாராமகால் வரி வாங்கியவனுக்குத் தேவைப்பட்டது. சேலத்து மாம்பழம் மண்டிக்குத் தேவைப்பட்டது. தண்ணியில்லாத காடு பெண்ணைப் பெற்றவருக்குத் தேவைப்பட்டது, அப்புறம் மேலதிகாரி எடுத்துக்கொண்டார். இந்த மண்ணில் இருந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அதை யாராவது எழுதுங்கள்.

அரூர் வேடி

இருக்கிறது. என் பெயரே அதுதான்.

எங்கள் பக்கம் வேடியப்பன், வேடி, வேடம்மாள் இல்லாத தெரு கிடையாது. மந்தையிலோ ஏரிக்கரையிலோ வில்லும் கத்தியும் பிடித்து ஒருவன் நிற்கிற கல் இருக்கும், சிலதில் காலடியில் மாடுகளும் இருக்கும். ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு நட்ட நடுகல் அது. சிலவற்றில் வட்டெழுத்தில் அவன் பெயரே இருக்கிறது. எழுத்தை யாராலும் வாசிக்க முடியாமல் போனபின், வில் பிடித்தவன் வேடன், காக்கிறவன் அப்பன் என்று ஊரே சேர்த்து வேடியப்பன் ஆக்கியது என்பது ஒரு பேச்சு. வேட்டுவக் குலத்துச் சாமி, கல்லுக்கு முன்பே இருந்தது என்பது இன்னொரு பேச்சு. நான் முதலாவது கட்சி, ஏனென்றால் ஒரே ஊரில் இரண்டு கல் இருந்தால் இரண்டுமே வேடியப்பன்தான். தனித்தனி ஆட்களின் பெயர் மறைந்து, பொதுப்பெயர் வந்ததற்கு அதுதான் அடையாளம்.

உங்கள் ஊர்க் கல்லுக்குத் திருவிழாவுக்காகப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்றால், அதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கை லேசாகத் துடைத்து, பக்கவாட்டு வெயில் விழுகிற காலையில் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். எழுத்து அப்போதுதான் தெரியும்.

ஜெகதேவி மலையடி

எங்கள் மலையடியில் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போடுகிறேன்.